ஒரே ஒரு ஈஸ்ட்வுட் கௌபாய் படம் பார்ப்பதென்றால் எது?

கிளின்ட் ஈஸ்ட்வுட் ரசிகர்கள் நாலு பேர் சேர்ந்தால் பேச்சு எங்கே ஆரம்பித்தாலும் கடைசியில் இங்கேதான் வந்து நிற்கும்: அவருடைய கௌபாய் படங்களில் எது உசத்தி? ஒருவர் 'தி குட், தி பேட் அண்ட் தி அக்லி' என்பார். அடுத்தவர் 'அன்ஃபர்கிவன்' என்று சொல்லிவிட்டு, இதில் பேசவே ஒன்றுமில்லை என்பதுபோல் கையைக் கட்டிக்கொள்வார். இன்னொருவர் எல்லாரும் ஓய்ந்தபிறகு மெதுவாக 'ஜோஸி வேல்ஸ்' என்று ஆரம்பிப்பார். நான் அந்தக் கடைசி ஆள். ஆனால் இந்தச் சண்டையில் பாதிப் பேர் ஒரே கேள்விக்குப் பதில் சொல்வதில்லை என்பதுதான் பிரச்சினை. எது சிறந்த படம் என்பது வேறு, எதில் ஈஸ்ட்வுட் பிரமாதம் என்பது வேறு, இதுவரை ஒன்றையும் பார்க்காத நண்பனை உட்கார வைத்து எதைப் போட்டுக் காட்டுவது என்பது வேறு. மூன்றையும் போட்டுக் குழப்பினால் விடிய விடியப் பேசலாம், முடிவு மட்டும் வராது.

நான் எடுத்துக்கொள்வது மூன்றாவது கேள்வி. இந்த வாரம் ஒரு ராத்திரிதான் கிடைக்கிறது, ஒரு படம்தான், அது பிடிக்காவிட்டால் அந்த நண்பர் மறுபடி இந்தப் பக்கமே வரமாட்டார் என்று வைத்துக்கொள்ளுங்கள்.

முதலில் எல்லை போட்டுக்கொள்வோம். 'டர்ட்டி ஹாரி', 'மில்லியன் டாலர் பேபி', 'கிரான் டொரினோ' எதுவும் இங்கே வராது. குதிரையும் தூசியும் உள்ளவை மட்டும். அதிலும் 'பெயின்ட் யுவர் வேகன்' (1969) வெளியே. தங்கம் தோண்டுகிற ஊர், லீ மார்வின் எல்லாம் இருந்தாலும் அது பாட்டுப் படம், ஈஸ்ட்வுட் சொந்தக் குரலில் மரங்களோடு பேசுவதாக ஒரு பாட்டு வேறு பாடுகிறார். அவரை ரொம்பப் பிடித்தவர்கள்கூட அந்த இடத்தில் எழுந்துபோய்த் தண்ணீர் குடித்துவிட்டு வருவது நல்லது. 'டூ மியூல்ஸ் ஃபார் சிஸ்டர் சாரா' (1970), 'ஜோ கிட்' (1972) இரண்டும் டிவியில் ஓடினால் சேனல் மாற்றாமல் பார்க்கலாம், அதற்காக யாரும் சட்டையைப் பிடிக்க மாட்டார்கள். 'ஹேங் எம் ஹை' (1968) அவருடைய சொந்தக் கம்பெனியான மல்பாசோவின் முதல் படம். தப்பாகத் தூக்கில் தொங்கவிடப்பட்டு உயிர் பிழைத்தவன் மார்ஷல் பேட்ஜ் குத்திக்கொண்டு திரும்பி வருகிற கதை; ஆரம்பம் அபாரம், அப்புறம் இத்தாலிய இயக்குநர் செர்ஜியோ லியோனேயைப் பார்த்து எழுதிய வாடை.

சரி, பெரிய தலைகளுக்கு வருவோம். 'அன்ஃபர்கிவன்' (1992). நாலு ஆஸ்கார்: சிறந்த படம், சிறந்த இயக்குநர், ஜீன் ஹேக்மேனுக்குத் துணை நடிகர், ஜோயல் காக்ஸுக்குப் படத்தொகுப்பு. டேவிட் வெப் பீப்பிள்ஸ் இந்தத் திரைக்கதையை எழுதியது எழுபதுகளில். ஈஸ்ட்வுட் கைக்கு எண்பதுகளில் வந்தும் உடனே எடுக்கவில்லை. வில்லியம் மன்னி என்ற அந்தப் பழைய கொலைகாரனுக்கு வேண்டிய வயது தனக்கு வரட்டும் என்று வைத்திருந்தார். படம் வெளிவந்தபோது அவருக்கு 62.

அந்த வயதைத்தான் படமே தின்று வளர்கிறது. முதலில் மன்னியை நாம் கிட்டத்தில் பார்ப்பது பன்றிப் பட்டியில், நோய் வந்த பன்றியைப் பிரிக்கப் போய்ச் சேற்றில் விழுந்து எழுகிறவனாக. பழைய துப்பாக்கியை எடுத்து ஒரு தகர டப்பாவைக் குறி பார்க்கிறான், சுடுகிறான், விழவில்லை, மறுபடி சுடுகிறான், டப்பா இருந்த இடத்திலேயே இருக்கிறது. வீட்டுக்குள் போய் ஷாட்கன்னை எடுத்து வந்து அதைச் சிதறடிக்கிறான். குதிரையில் ஏறப் போனால் குதிரை சுற்றிச் சுற்றி வந்து ஏறவிடாமல் அலைக்கழிக்கிறது, பிள்ளைகள் இரண்டும் நின்று பார்த்துக்கொண்டிருக்கின்றன. எனக்கு இந்தக் காட்சிகளைப் பார்க்கும்போது சிரிப்பும் வரும், சங்கடமும் வரும். ஆனால் ஏன் வருகிறது? இதே முகத்தை முப்பது வயதில் பார்த்திருக்கிறேன். எதிரில் நாலு பேர் துப்பாக்கியில் கை வைப்பதற்குள் நாலு பேரையும் சாய்த்த ஆள் இது. அதைப் பார்க்காதவருக்கு இங்கே தெரிவது டப்பாவைச் சுடத் தெரியாத ஒரு கிழவர், அவ்வளவுதான். படத்தின் கடைசியில் செர்ஜியோவுக்கும் டானுக்கும் சமர்ப்பணம் என்று வரும். செர்ஜியோ லியோனே, டான் சீகல், ஈஸ்ட்வுட்டை உருவாக்கிய இரண்டு இயக்குநர்கள், இருவரும் அதற்குக் கொஞ்ச காலம் முன்புதான் இறந்திருந்தார்கள். மற்ற படங்கள் வாங்கிய கடனை அடைக்க வந்த படம் இது. கடனைப் பற்றித் தெரியாமல் அடைப்பதை மட்டும் பார்த்தால் பாதிதான் கிடைக்கும்.

"தனியாகப் பார்த்தாலும் பெரிய படம்தானே" என்பார்கள். பெரிய படம்தான். ஹேக்மேன் செய்த லிட்டில் பில் ஒருவனே போதும். ஊரில் யாரும் துப்பாக்கி வைத்திருக்கக் கூடாது என்று சட்டம் போட்டுக் காக்கிற ஷெரிஃப், தன் கையாலேயே வீடு கட்டுகிறான், அந்த வீட்டில் ஒரு மூலைகூட நேராக இல்லை, மழை வந்தால் ஒழுகுகிறது. சிறைக்குள் ஒரு காட்சி இருக்கிறது. துப்பாக்கி வீரர்களைப் பற்றிக் கதை எழுதிப் பிழைக்கிற பியூஷாம்ப் என்ற எழுத்தாளன் கையில் லிட்டில் பில் துப்பாக்கியைக் கொடுத்து, சுடு, கம்பிக்குள் இருக்கிறவனைக் கூட்டிக்கொண்டு போய்விடலாம் என்கிறான். எழுத்தாளனால் முடியவில்லை. அதைக் கம்பிக்குள் இருக்கிற இங்கிலிஷ் பாப்பிடம் கொடுக்கச் சொல்கிறான். பாப்பாக நடித்த ரிச்சர்ட் ஹாரிஸ் அந்தத் துப்பாக்கியையே பார்த்துக்கொண்டிருக்கிறார், தோட்டா இருக்காது, இது வலை என்று நினைத்துக் கை நீட்டவில்லை. அப்புறம் லிட்டில் பில் திறந்து கொட்டுகிறான், தோட்டா இருக்கிறது. ஒரு குண்டும் வெடிக்காமல் இவ்வளவு பதற்றத்தை யாரும் உண்டாக்கி நான் பார்த்ததில்லை. அப்புறம் அந்த மரத்தடி: மன்னியைக் கூலிக்கொலைக்கு அழைத்துப் போகிற, கிட்டப்பார்வை உள்ள ஸ்கோஃபீல்ட் கிட், முதல் கொலையைச் செய்துவிட்டு விஸ்கி பாட்டிலோடு உட்கார்ந்து, அவன் இனி மூச்சே விடமாட்டானே என்று உடைகிற இடம். தூரத்தில் ஒரு பெண் குதிரையில் கூலியை எடுத்துக்கொண்டு வந்துகொண்டே இருக்கிறாள். இதையெல்லாம் மறுக்கவில்லை. ஈஸ்ட்வுட் எடுத்ததிலேயே சிறந்தது எது என்றால் நானும் இதைத்தான் சொல்வேன். முதலில் பார்ப்பதற்கு எது என்றால் கண்டிப்பாக இது இல்லை.

லியோனே இயக்கிய 'தி குட், தி பேட் அண்ட் தி அக்லி' (1966) கட்சிக்காரர்கள்தான் எண்ணிக்கையில் அதிகம், காரணமும் இருக்கிறது. என்னியோ மொரிக்கோனேயின் விசில் இசையைப் படம் பார்க்காதவர்களும் எங்கோ கேட்டிருப்பார்கள். மூன்று மணி நேரத்துக்குக் கொஞ்சம் குறைவு, முதல் பத்து நிமிடத்துக்கு யாரும் வாயே திறப்பதில்லை, அப்புறம் அமெரிக்க உள்நாட்டுப் போர், புதைத்து வைத்த தங்கம், மூன்று அயோக்கியர்கள். ஸ்பெயினில் பர்கோஸ் பக்கம் அந்தக் கல்லறை மைதானத்தை ஸ்பெயின் ராணுவ வீரர்களை வைத்துக் கட்டினார்கள், ஐயாயிரத்துக்கும் மேல் கல்லறைகள். படம் முடிந்து புல் மூடிப்போன அந்த இடத்தை 2015-இல் ரசிகர்கள் மண்வெட்டியோடு போய்த் தோண்டி மீட்டார்கள் என்றால் இந்தப் படத்தின் மேல் உள்ள வெறி புரியும். பாலத்தை வெடிக்கிற காட்சிக்குச் சொன்ன நேரத்துக்கு முன்பே வெடித்துவிட, மொத்தப் பாலத்தையும் மறுபடி கட்டித்தான் எடுத்தார்கள்.

ஆனால் ஒரு விஷயத்தைக் கட்சிக்காரர்கள் ஒத்துக்கொள்ளவே மாட்டார்கள்: இது ஈஸ்ட்வுட் படம் இல்லை, ஈலை வாலாக் படம். அவர் நடித்த டுகோதான் பேசுகிறான், ஓடுகிறான், ஏமாற்றுகிறான், ஏமாறுகிறான், பாலைவனத்தில் நடத்திக் கொல்லப் பார்க்கிறான், கல்லறைகளுக்கு நடுவே மூச்சிரைக்க ஓடுகிறவனும் அவன்தான். மடத்தில் பாதிரியாராக இருக்கிற அண்ணனைப் பார்க்கிற காட்சியை எடுத்துக்கொள்ளுங்கள். அப்பா அம்மா செத்ததுகூடத் தெரியாமல் வந்து நிற்கிறான், அண்ணன் திட்டுகிறான், கைகலப்பு. வெளியே வந்து வண்டியில் ஏறியதும் ஈஸ்ட்வுட்டிடம், அண்ணனுக்கு என் மேல் உயிர், என்ன ஆனாலும் ஒரு தட்டு சூப் கிடைக்கும் என்று அளந்துவிடுகிறான். எல்லாவற்றையும் மறைவில் நின்று பார்த்துவிட்ட ஈஸ்ட்வுட் ஒன்றும் காட்டிக்கொள்ளாமல், சாப்பிட்டபின் சுருட்டு நல்லது என்று தன் வாயில் இருந்ததை எடுத்து நீட்டுகிறார். படத்தில் ஈஸ்ட்வுட் செய்த மிக நல்ல காரியம் அதுதான், அதுவும் டுகோவுக்காகத்தான். 2023-இல் 'ஜிகர்தண்டா டபுள்எக்ஸ்' பார்த்துவிட்டு யார் இந்த ஈஸ்ட்வுட் என்று தேடி வருகிற தம்பிமார்களுக்கு நேராக இந்தப் படத்தைக் கொடுத்தால், படத்தை ரசிப்பார்கள், ஈஸ்ட்வுட்டை ஏன் இத்தனை பேர் கொண்டாடுகிறார்கள் என்பது புரியாமலே போகும். தவிர, ஃபோனைக் கையில் வைத்துக்கொண்டு படம் பார்க்கிறவருக்கு அந்த முதல் பத்து நிமிட மௌனமே போதும், அதற்குள் ரெண்டு ரீல்ஸ் பார்த்து முடித்திருப்பார்.

அப்படியானால் லியோனே ஈஸ்ட்வுட்டை வைத்து எடுத்த முதல் படம்? 'எ ஃபிஸ்ட்ஃபுல் ஆஃப் டாலர்ஸ்' (1964), நூறு நிமிடத்துக்கும் குறைவு. 'ராஹைட்' டிவி தொடரில் நல்ல பையனாக மாடு மேய்த்துச் சலித்துப்போன நடிகருக்கு 15,000 டாலர் சம்பளம் கொடுத்து ஸ்பெயினுக்குக் கூட்டிப் போனார்கள். இயக்குநருக்கு ஆங்கிலம் வராது, நடிகருக்கு இத்தாலி மொழி வராது. கதை அகிரா குரோசாவாவின் 'யோஜிம்போ' (1961) அப்படியே, கேட்காமல் எடுத்தது, விவகாரம் வழக்காகி வசூலில் 15 சதவீதம் கொடுத்துத்தான் முடிந்தது. அந்தக் கழுதைக் காட்சி ஒன்றுக்காகவே பார்க்கலாம்: போகிற வழியில் சவப்பெட்டி செய்கிறவரிடம் மூன்று பெட்டி தயார் செய்யுங்கள் என்கிறார், என் கழுதையைப் பார்த்துச் சிரித்தீர்களே, அதனிடம் மன்னிப்புக் கேளுங்கள் என்று ரௌடிகளிடம் போய் நிற்கிறார், சுட்டு முடித்துத் திரும்பி வரும்போது, தப்பாகச் சொல்லிவிட்டேன், நாலு பெட்டி என்கிறார். ஆனால் முழுப் படமாகப் பார்த்தால் இது ஒத்திகை. 'ஃபார் எ ஃப்யூ டாலர்ஸ் மோர்' (1965) இதைவிட நல்ல படம், லீ வான் க்ளீஃப் வந்தபிறகு ஈஸ்ட்வுட்டுக்கு எதிரில் நிற்க ஓர் ஆள் கிடைக்கிறது. பாக்கெட் கடிகாரத்தின் இசை நிற்கிற நொடியில் சுடவேண்டும் என்கிற அந்தக் கடைசிச் சண்டை, அது முடிந்து பிணங்களை வண்டியில் ஏற்றிக்கொண்டே தலைக்கு எவ்வளவு என்று வெகுமதிப் பணத்தைக் கூட்டிப் பார்க்க, கணக்கு உதைக்கிறதே, ஒருத்தன் குறைகிறானே என்று திரும்பிச் சுடுகிற இடம்! வீட்டில் அப்பாவோ பெரியப்பாவோ கர்ணன் எடுத்த ஜெய்சங்கர் படங்களை, 'கங்கா', 'ஜக்கம்மா' மாதிரி, தியேட்டரில் விசிலடித்துப் பார்த்தவராக இருந்தால் அவரோடு உட்கார்ந்து பார்க்க வேண்டியது இதுதான். லயன்–முத்து காமிக்ஸில் டெக்ஸ் வில்லரோடும் கேப்டன் டைகரோடும் வளர்ந்தவர்களுக்கும் லியோனேயின் வன்மேற்கு உடனே ஒட்டிக்கொள்ளும். டெக்ஸ் இத்தாலிக்காரர்கள் உருவாக்கியவர், டைகர் பிரெஞ்சு இறக்குமதி, ஆக சிவகாசி வழியாக நமக்கு வந்ததும் ஐரோப்பியர்கள் கனவு கண்ட அமெரிக்காதான்.

'ஹை ப்ளெய்ன்ஸ் ட்ரிஃப்டர்' (1973) ரசிகர்கள் தனி ரகம். ஈஸ்ட்வுட்டே இயக்கிய முதல் கௌபாய் படம், கலிபோர்னியாவில் மோனோ ஏரிக்கரையில் ஊரையே செட் போட்டு எடுத்தது. பேர் தெரியாத ஒருவன் வருகிறான், ஊரைக் காப்பாற்றுகிறேன், ஆனால் நான் சொன்னபடி ஆடவேண்டும் என்கிறான், குள்ளரான மோர்டகாயை ஷெரிஃபாகவும் மேயராகவும் ஆக்குகிறான், கடைசியில் மொத்த ஊருக்கும் சிவப்புச் சாயம் அடிக்க வைத்து, ஊர்ப் பலகையில் நரகம் என்று எழுதுகிறான். பேயா மனிதனா என்பது கடைசிவரை தெளிவாகாது. இந்தப் படத்தைக் கண்டித்து ஜான் வெய்ன் ஈஸ்ட்வுட்டுக்கு ஒரு கடிதமே எழுதினார், இந்த நாட்டைக் கட்டிய மக்கள் இப்படிப்பட்டவர்கள் இல்லை என்று. வெய்னுக்கு அப்படிக் கோபம் வந்ததே படத்துக்குக் கிடைத்த நல்ல விமர்சனம் என்பேன். ஆனால் கதை தொடங்கிய சில நிமிடங்களிலேயே நாயகன் ஒரு பெண்ணைப் பலாத்காரம் செய்கிறான், படம் அதை அந்தப் பெண்ணுக்குக் கிடைத்த பாடம் போலக் காட்டுகிறது. அந்தக் காலம் அப்படி, அவன் பேய், அது பழிவாங்கல் என்று எத்தனை சமாதானம் சொன்னாலும் எனக்கு அந்த இடம் செரிப்பதில்லை. பாதி ராத்திரியில் தனியாகப் பார்க்கலாம், யாருக்கும் முதல் படமாகச் சிபாரிசு செய்ய மாட்டேன்.

'பேல் ரைடர்' (1985) இதன் நல்ல பிள்ளை வடிவம். பாதிரியார் காலர் போட்டுக்கொண்டு வருகிறார், முதுகில் குண்டுத் தழும்புகள், ஏழைத் தங்க வேட்டையர்களைப் பெரிய சுரங்க முதலாளியிடமிருந்து காப்பாற்றுகிறார். ஐடஹோ மலைகள் கண்ணுக்கு அழகு, பீரங்கி மாதிரிக் குழாய்களில் தண்ணீரைப் பாய்ச்சி மலையையே கரைக்கிற சுரங்க வேலையை அப்படியே காட்டியிருப்பது அதைவிட நல்லது. மற்றபடி 'ஷேன்' என்ற பழைய கௌபாய் படத்தைப் பார்த்தவர்களுக்குக் கதை முழுக்கத் தெரிந்ததுதான்.

இனி என் கட்சி. 'தி அவுட்லா ஜோஸி வேல்ஸ்' (1976), இரண்டேகால் மணி நேரம்.

அமெரிக்க உள்நாட்டுப் போர்க் காலம், மிசூரியில் ஒரு விவசாயி. வடக்குத் தரப்பு 'ரெட்லெக்ஸ்' கூட்டம் வந்து மனைவியையும் மகனையும் கொன்று வீட்டைக் கொளுத்துகிறது. அவன் தெற்குத் தரப்புக் கொரில்லாக்களோடு சேர்ந்து போருக்குப் போகிறான். போர் முடிகிறது, கூட்டத்தின் தலைவனான ஃப்ளெட்சர் எல்லாரையும் சரணடைய அழைத்துப் போகிறான், சரணடைந்தவர்களைச் சுட்டுத் தள்ளுகிறார்கள். சரணடையாத ஜோஸி தப்பி டெக்சாஸ் நோக்கிப் போகிறான், தலைக்கு விலை. இதுவரை கேட்டால் எந்தப் பழிவாங்கல் படத்துக்கும் பொருந்துகிற கதைதான். இங்கிருந்துதான் படம் வேறு பக்கம் திரும்புகிறது. தனியாகப் போகவேண்டும் என்று நினைக்கிறவனோடு ஒவ்வொருவராக ஒட்டிக்கொள்கிறார்கள்: ஒரு செரோக்கி பூர்வகுடிக் கிழவர், ஒரு நவஹோ பூர்வகுடிப் பெண், ஒரு தெருநாய், கான்சாஸிலிருந்து வந்த வாயாடிப் பாட்டி, அவர் பேத்தி. அந்த நாயின் மேல் ஜோஸி புகையிலையை மென்று துப்புகிறான், அது முனகிக்கொண்டே பின்னாலேயே வருகிறது, மறுபடி துப்புகிறான், மறுபடி வருகிறது. மற்ற பெரும்பாலான கௌபாய் படங்களில் ஈஸ்ட்வுட் எங்கிருந்தோ தனியாக வருகிறார், வேலையை முடிக்கிறார், தனியாகப் போகிறார். அவருக்கு வீடு இருந்ததா, சோறு யார் போட்டார்கள் என்று நாம் கேட்பதே இல்லை. இந்த ஒரு படத்தில்தான் அந்தத் தனியாளுக்கு என்ன போயிற்று என்று முதல் அஞ்சு நிமிடத்திலேயே தெரிகிறது, அது வேறு முகங்களோடு கொஞ்சம் கொஞ்சமாகத் திரும்பி வருவதையும் பார்க்கிறோம், வேண்டாம் வேண்டாம் என்று அவன் தள்ளத் தள்ள. லியோனே படங்களில் போஞ்சோ என்ற கம்பளிப் போர்வையைப் போட்ட ஆள் ஏன் பேசமாட்டான் என்பதற்கும், பன்றிப் பட்டியில் விழுந்த கிழவன் ஏன் அப்படி ஆனான் என்பதற்கும் நடுவில் உள்ள மனிதன் இவன். அதனால்தான் இங்கே ஆரம்பித்தால் முன்னாலும் போகலாம், பின்னாலும் போகலாம்.

அந்தச் செரோக்கி கிழவர் லோன் வாட்டி, நடித்தவர் சீஃப் டான் ஜார்ஜ். கனடாவின் ஸ்லேவாடூத் மக்களின் தலைவராக நிஜமாகவே இருந்தவர், அப்போது வயது எழுபத்தைந்துக்கு மேல். லிங்கன் மாதிரி உயரத் தொப்பியும் கோட்டும் போட்டுக்கொண்டு, வாஷிங்டன் போன கதையைச் சொல்கிறார்: பெரிய அதிகாரி கை குலுக்கினார், பதக்கம் கொடுத்தார், விடாமுயற்சியோடு தாக்குப்பிடியுங்கள் என்று புத்தி சொன்னார், போட்டோ எடுத்துப் பத்திரிகையில் போட்டார்கள். அந்த வார்த்தையை நாங்கள் ரொம்ப நாள் யோசித்தோம், நன்றாக யோசித்து முடித்ததும் வடக்கு அரசான யூனியன் மேல் போர் தொடுத்தோம். முகத்தில் ஒரு சுருக்கம்கூட மாறாமல் இதைச் சொல்வார். நிலம் பறிபோன ஒரு மக்களின் மொத்த வரலாறும் ஒரு கிழவரின் கிண்டலில் அடங்கிவிடுகிறது. ஈஸ்ட்வுட் காட்சியை முழுசாகக் கிழவருக்கே விட்டுவிடுகிறார். நட்சத்திர நடிகர், இயக்குநரும் அவரே, அப்படி விட்டுக்கொடுக்கிறார்.

துப்பாக்கிச் சண்டை வேண்டும் என்கிறவர்களுக்கும் குறையில்லை. ஆனால் எனக்குப் பிடித்தது சண்டைக்கு முன்னால் நடக்கிற ஒன்று. பாழடைந்த ஊரில், சரக்கு தீர்ந்துபோன சலூன். பணத்துக்காக ஆள் பிடிக்கிற ஒருவன் உள்ளே வருகிறான். பிழைப்புக்கு ஏதாவது செய்யவேண்டுமே என்கிறான். சாவது ஒரு பிழைப்பா தம்பி, இது அவசியமே இல்லை, அப்படியே போய்விடு என்கிறான் ஜோஸி. அவன் ஒரு கணம் யோசித்துத் திரும்பி வெளியே போய்விடுகிறான். நமக்கும் மூச்சு வருகிறது. கதவு மறுபடி திறக்கிறது. திரும்பி வராமல் இருக்க முடியவில்லை என்கிறான். தெரியும் என்கிறான் ஜோஸி. அந்தத் 'தெரியும்' சொல்கிற விதத்தில் கோபமே இருக்காது, இரக்கம்தான் இருக்கும். கொன்றபிறகு பஞ்ச் வசனம் ஒன்றும் கிடையாது. 'அன்ஃபர்கிவன்' மரத்தடியில் பதினாறு வருடம் கழித்துப் பேசப்போகிற விஷயம் இங்கேயே விதை போட்டாயிற்று.

கமாஞ்சிப் பூர்வகுடித் தலைவர் டென் பியர்ஸை ஜோஸி தனியாகப் போய்ச் சந்திக்கிற காட்சியும் அப்படித்தான். வில் சாம்ப்சன், குதிரை மேல், சுற்றிலும் வீரர்கள். சண்டைக்குத் தயாராக வந்தவன் பேச்சுவார்த்தை நடத்துகிறான்: அரசாங்கங்கள் ஏமாற்றுகின்றன, ஆட்கள் சேர்ந்து வாழலாம், என் சாவும் உன் சாவும் இங்கேயே தயார், என் வாழ்வும் உன் வாழ்வும்கூட. காகிதத்தில் கையெழுத்து ஒன்றும் இல்லை, கத்தியால் உள்ளங்கையைக் கீறிக் கை சேர்க்கிறார்கள். எதிரி என்று வந்தவர்களைச் சுடாமல் தீர்த்துக்கொள்கிற ஈஸ்ட்வுட்டை வேறு எத்தனை கௌபாய் படத்தில் பார்க்க முடியும்?

குறைகளை மறைக்கவில்லை. மூலக் கதையை எழுதிய ஃபாரஸ்ட் கார்ட்டர் என்பவர் உண்மையில் ஆசா கார்ட்டர், கூ க்ளக்ஸ் க்ளான் என்ற வெள்ளை இனவெறி அமைப்பின் ஆள், அலபாமா ஆளுநர் ஜார்ஜ் வாலஸுக்கு இனப் பிரிவினை உரைகளை எழுதிக் கொடுத்தவர். அது தெரிந்தபிறகு படத்தைப் பார்த்தால் சில விஷயங்கள் உறுத்தும்: வடக்கு ராணுவம் என்றாலே அயோக்கியர்கள், தெற்குக்காரன் பாவப்பட்டவன், அடிமைமுறை என்று ஒன்று இருந்ததைப் பற்றி ஏறக்குறைய மூச்சே இல்லை. திரைக்கதையில் கை வைத்தவரும் முதலில் இயக்கியவருமான ஃபிலிப் காஃப்மேனைப் படப்பிடிப்பு தொடங்கியபின் தூக்கிவிட்டு ஈஸ்ட்வுட்டே இயக்கினார். அதனால் கோபமடைந்த இயக்குநர் சங்கம், படத்தில் ஏற்கெனவே வேலை செய்கிறவர் இயக்குநரை நீக்கிவிட்டு அந்த நாற்காலியில் உட்காரக் கூடாது என்று விதியே கொண்டுவந்தது. பேத்தியாக வரும் சோண்ட்ரா லாக் பாத்திரம் கண்ணைப் பெரிதாக்கிப் பார்ப்பதைத் தவிர அதிகம் ஒன்றும் செய்வதில்லை. கமாஞ்சிகளோடு வியாபாரம் செய்யும் கமாஞ்சேரோ கூட்டம் அவரைத் துன்புறுத்துகிற காட்சி தேவைக்கு மேல் நீளம், வீட்டில் சின்னப் பிள்ளைகள் இருந்தால் அதை மனதில் வைத்துக்கொள்ளுங்கள்.

இத்தனைக்குப் பிறகும் அந்த முடிவு இருக்கிறதே. துரோகி என்று படம் முழுக்க நாம் திட்டிய ஃப்ளெட்சர், ஜோஸி எதிரில் நிற்கிறான். அடையாளம் தெரிந்தும் தெரியாத மாதிரி, வேறு பேர் சொல்லி அழைத்து, ஜோஸி மெக்சிகோவில் இருப்பான், போய்ப் பார்த்துப் போர் முடிந்துவிட்டது என்று சொல்லப் பார்க்கிறேன் என்கிறான். ஜோஸியின் பூட்ஸ் மேல் ரத்தம் சொட்டிக்கொண்டிருக்கிறது, இருவரும் அதைப் பார்க்கிறார்கள். அந்தப் பாழாய்ப்போன போரில் நாம் எல்லாருமே கொஞ்சம் செத்துப்போனோம் என்று சொல்லிவிட்டு ஜோஸி குதிரை ஏறுகிறான். வியட்நாம் போரில் சைகோன் வீழ்ந்த அடுத்த வருடம் அமெரிக்கத் தியேட்டர்களில் இந்த வசனம் எப்படி இறங்கியிருக்கும் என்று யோசித்துக்கொள்ளுங்கள். போகிறவன் பண்ணைக்குத் திரும்புகிறானா, வழியிலேயே சாகிறானா என்று ரசிகர்கள் இன்னும் அடித்துக்கொள்கிறார்கள். திரும்புகிறான் என்பதுதான் என் முடிவு, அந்த நாய் காத்திருக்கும்.

ஆக, ஒரு ராத்திரி, ஒரு படம், புது ஆள் என்றால் 'ஜோஸி வேல்ஸ்'. அது பிடித்துவிட்டால் அடுத்து 'ஃபார் எ ஃப்யூ டாலர்ஸ் மோர்', அப்புறம் 'தி குட், தி பேட்', எல்லாம் முடிந்து கடைசியில் 'அன்ஃபர்கிவன்', அதற்கு முன் அதைத் தொடவே தொடாதீர்கள். நடுவில் 'தி குட், தி பேட்' போடும்போது மட்டும் கொஞ்சம் கவனம்: முன்பு வெட்டிய காட்சிகளைச் சேர்த்து 179 நிமிடத்துக்கு ஒரு நீளப் பதிப்பு உண்டு. அந்தக் காட்சிகளுக்கு ஆங்கில வசனம் இல்லாததால் 2003-இல் ஈஸ்ட்வுட்டும் வாலாக்கும் புதிதாக டப்பிங் பேசினார்கள், வான் க்ளீஃப் 1989-லேயே காலமாகிவிட்டதால் அவருக்கு வேறு ஒருவர் குரல். முப்பத்தஞ்சு வயது முகத்திலிருந்து எழுபது வயதுக் குரல் திடீரென்று வந்து திடீரென்று போகும். முதல் தடவைக்கு 161 நிமிடப் பதிப்பைத் தேடிப் பிடியுங்கள்.